அப்பாவின் பலாமரத் தொட்டி

ஈரம் ஊறிய பலாமரத்துக்கு ஒரு வாசனை உண்டு. பலாச்சுளை தின்ற கையை மறுநாள் காலை முகர்ந்து பார்த்தால் இனிப்பெல்லாம் போய்ப் புளிப்பு மட்டும் தங்கியிருக்குமே, அந்த நெடியோடு கேழ்வரகுக் கூழின் வாடையும் விளக்கெண்ணெய் வாடையும் சேர்ந்தால் எங்கள் வீட்டுத் தொட்டியின் வாசனை வந்துவிடும். எழுபது வயதைத் தாண்டிவிட்ட இப்போதும், மரம் அறுக்கும் பட்டறைப் பக்கம் போனால், உள்ளே அறுபடுவது பலாவா என்று பார்க்காமலே எனக்குத் தெரியும். தெரிந்ததும் அந்த இடத்தை விட்டு வேகமாக நடந்துவிடுவேன்.

ஒரே மரத்தின் அடித்தண்டைக் குடைந்து செய்த தொட்டி அது. ஓர் ஆள் காலை மடக்கிக்கொண்டு உள்ளே படுக்கலாம், அவ்வளவு நீளம். தூக்குவதற்கு வாகாக இரண்டு முனையிலும் 'காது' விட்டுச் செதுக்கியிருந்தார்கள். புதிதில் மஞ்சளாக இருந்த மரம், வருடக்கணக்காகக் கூழும் தண்ணீரும் பட்டுப்பட்டுச் செம்பு நிறத்துக்கு மாறி, உட்புறம் கை வைத்தால் வழுக்கும். அப்போதெல்லாம் எங்கள் வீட்டில் உலோகப் பாத்திரம் என்று பார்த்தால் ஒரு பித்தளைச் செம்பும் நசுங்கிய 'ஈயக் குண்டானும்' தான். மற்றவை மண், இல்லாவிட்டால் மரம். உப்புக்கு 'மரவை' என்று வேப்பமரத்தில் கடைந்த கிண்ணம் ஒன்று மூடியோடு இருந்தது. இரும்பை அரித்துத் தின்கிற உப்பு மரத்தை ஒன்றும் செய்யாது. களி கிண்டத் 'துடுப்பு', நெல் அளக்க இரும்புப் பட்டை போட்ட 'மரக்கால்', மோர் கடையாமல் மூலையில் சும்மா கிடந்த ஒரு மத்து, பூண் கழன்ற ஓர் உலக்கை, கஞ்சி வடிக்க ஒரு பலகை. இவ்வளவுக்கும் தலைவன் போலத் தொட்டி சுவரோரம் கிடக்கும்.

அது எங்கள் வீட்டுக்கு வந்த கதையை அப்பா அடிக்கடி சொல்வார். நாங்கள் நிலமில்லாதவர்கள். அப்பாவும் அவருடைய அப்பாவும் ஊர்ப் பண்ணையில் படி நெல்லுக்கு உழைத்த 'படியாள்'. எங்கள் தெருவில் கல்யாணம் என்றாலும் சாவு என்றாலும் ஐம்பது பேருக்கு ஆக்கிக் கொட்டி வைக்க ஒரு பாத்திரம் கிடையாது. பெரிய தெருவில் அண்டாக்கள் இருந்தன. எங்கள் தெருவுக்குத் தரமாட்டார்கள், தந்தால் பிறகு அவற்றைத் திரும்ப வீட்டுக்குள் எடுக்க முடியாதாம். அத்தையின் கல்யாணத்துக்கு ஒரே ஓர் அண்டா கேட்டுப் பண்ணை வீட்டு வாசலில் காலையிலிருந்து நின்ற தாத்தா, வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு வெறுங்கையோடு திரும்பி வந்தார். குடிசைக்குப் பின்னால் காய்ப்பு ஓய்ந்து நின்ற பலாமரத்தை மறுவாரமே சாய்த்தார். வேலை முடிந்து வந்து பொழுது சாயும்வரை, இரவல் வாங்கிய உளியால் மாதக்கணக்கில் குடைந்தார். அத்தை கல்யாணத்துக்கு அது உதவவில்லை. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் நடந்த அத்தனை கல்யாணமும் அத்தனை சாவும் அந்தத் தொட்டிக் கூழில்தான் நடந்தன. "நம்ம தெரு எவன் வாசல்லயும் அண்டா கேட்டு நிக்கலன்னா, அது இதாலதான்" என்பார் அப்பா. சொல்லும்போது கை தானாக அதன் விளிம்பைத் தடவும்.

தொட்டியைக் காயவிடக் கூடாது, காய்ந்தால் வெடித்துவிடும் என்பது அவர் போட்ட சட்டம். கூழ் இல்லாத நாளில் ஒரு சாண் தண்ணீராவது அதில் நிற்க வேண்டும். பிறந்த குழந்தைக்கு முதல் தலைமுழுக்கும் அதில்தான். என்னையும் அதில்தான் குளிப்பாட்டினார்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் ஊரை எடுத்துக்கொண்டார்கள். அடியில் கரி இருக்கிறது என்றார்கள். எத்தனையோ தலைமுறையாகக் கம்பும் கேழ்வரகும் விதைத்த மண்ணுக்குக் கீழே இப்படி ஒன்று கிடந்தது எங்களில் யாருக்கும் தெரியாது. நிலம் வைத்திருந்தவர்கள் சேத்தியாத்தோப்புப் பக்கமும் வேறு ஊர்களுக்கும் போனார்கள். எங்கள் தெருவுக்கு மந்தாரக்குப்பத்தை ஒட்டி ஒரு காலனியில் ஓட்டு வீடு கிடைத்தது; ஒரே அறை, ஒரு கதவு, ஒரு ஜன்னல். சாமான் ஏற்ற மூன்று குடும்பத்துக்கு ஒரு வண்டி. அப்பா முதலில் தொட்டியைத்தான் ஏற்றினார். குடிசைக்குப் பின்னால் அம்மா வருடம் முழுக்கச் சேர்த்து அடுக்கியிருந்த முந்திரி விறகை ஏற்ற இடமில்லாமல் போயிற்று. "போற எடத்துல அடுப்பு எரிய வாணாமா?" என்று அம்மா கேட்டதற்கு, "வெறகு எங்கியும் கெடைக்கும். தொட்டி கெடைக்குமா?" என்றார் அப்பா.

விறகு எங்கும் கிடைக்கவில்லை. சமன்படுத்திய செம்மண் வெளியில் வரிசையாக வீடுகள் நின்றன. நிழலுக்கு ஒரு முருங்கை கூடக் கிடையாது. சுற்றியிருந்த முந்திரித் தோப்புகளில் பாதியை அழித்துவிட்டார்கள், மீதிக்குக் கம்பி போட்டுவிட்டார்கள். காசு கொடுத்து விறகு வாங்குவது என்ற ஒன்றை அம்மா அங்கே வந்துதான் கண்டாள். ஒவ்வொரு சுள்ளியையும் அவள் அடுப்பில் வைக்கிற விதத்தைப் பார்த்தால், சாமிக்குப் படைக்கிற மாதிரி இருக்கும்.

அப்பாவுக்குச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. தண்ணீர் இறைக்கிற பம்புகளுக்கு வாய்க்கால் வெட்டுவது, சேறு அள்ளுவது, குழாய் சுமப்பது. 'ஷிப்ட்', 'குவார்ட்டர்ஸ்', 'பர்மனென்ட்' என்ற சொற்களை நாங்கள் பலகாரத்தின் பெயர்களைப் போல ஆசையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம். பர்மனென்ட் ஆகிவிட்டால் டவுன்ஷிப்புக்குள்ளே குழாயும் லைட்டும் வைத்த குவார்ட்டர்ஸ் கிடைக்கும். அந்த ஒரு சொல்லுக்காக அப்பா காய்ச்சலில் கூட ஒரு நாள் நின்றதில்லை.

கரி வெளியே வரத் தொடங்கிய பிறகு லாரிகள் எங்கள் காலனியை ஒட்டிய சாலை வழியாகப் போகும். திருப்பத்தில் குலுங்கும்போது கட்டிகள் விழும். கறுப்பாக இருக்காது அந்தக் கரி. பழுப்பு நிறம், கையில் எடுத்தால் ஈரம், உற்றுப் பார்த்தால் மரத்தில் ஓடுவது போலவே ரேகை ஓடும். பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு ஓடுவார்கள், காவல்காரர் துரத்துவார். எங்கள் வீட்டுக்குள் மட்டும் அது வரக் கூடாது. "கரி திருடுனான்னு ஒரு பேரு வந்துச்சுன்னா அவ்ளோதான், பர்மனென்ட் ஆவாது" என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நானும் தொட்டதில்லை.

எனக்கு ஒன்பது வயது நடக்கும்போது, ஐப்பசியில் தம்பி பிறந்தான். எனக்கும் அவனுக்கும் நடுவில் அம்மாவுக்கு இரண்டு கரு தங்கவில்லை. ஒன்பதாம் நாள் தொட்டியிலிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, அப்பாவே அதைத் தேய்த்துக் கழுவி, வெதுவெதுப்பான நீர் ஊற்றினார். பக்கத்து வீட்டு மதுரையக்காதான் பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டித் தொட்டி நீரில் ஒரு முறை முக்கி எடுத்தார். மதுரைப் பக்கத்திலிருந்து கணவரின் லாரி வேலைக்காக வந்து குடியேறியவர்; நாங்கள் அவருக்கு வைத்திருந்த பெயரே அதுதான். தண்ணீர் பட்டதும் தம்பி கத்திய கத்தலில் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. முப்பது நாள் கழியட்டும் என்று இருந்தார்கள்.

கார்த்திகை பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. அது விட்டு விட்டுப் பெய்கிற மழை இல்லை. காலையில் பார்த்தாலும் பெய்யும், மத்தியானம் பார்த்தாலும் அதே கனத்தில் பெய்துகொண்டிருக்கும். ஓட்டின் வழியே ஒழுகி, சுவரில் இறங்கி, தரை முழுக்க நசநசவென்று ஆயிற்று. வாங்கி வைத்திருந்த விறகு நனைந்து, ஊதினால் புகையைத் தவிர ஒன்றும் வரவில்லை. மந்தாரக்குப்பத்துக் கடைக்காரர் விறகே இல்லை என்று கையை விரித்துவிட்டார். அப்பாவுக்கோ சுரங்கத்தில் தண்ணீர் ஏறிவிட்டது. ஒரு ஷிப்ட் முடிந்தால் மேஸ்திரி இன்னொன்றில் நிறுத்திக்கொண்டார்.

மூன்றாம் நாள் அம்மா உலக்கையை எடுத்தாள். பூண் கழன்றதுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அரிவாளால் சீவிச் சீவி அடுப்பில் வைத்தாள். அன்றைய கஞ்சி அதில் வெந்தது. மறுநாள் மத்து, கஞ்சி வடிக்கிற பலகை. அதற்கு மறுநாள் துடுப்பும் மரவையும். உப்பு ஊறிய வேப்பமரம் படபடவென்று பொரிந்து, பார்த்திராத ஒரு மஞ்சள் சுடரோடு எரிந்ததை நான் அடுப்பருகில் குந்திக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். பச்சை உடம்போடு, காதைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு, ஒரு கையில் பிள்ளையையும் மறு கையில் ஊதுகுழலையும் வைத்திருந்த அம்மாவுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்காது.

மாலையில் அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது உப்பு கொட்டாங்கச்சியில் வந்தது.

"மரவ எங்க?"

அம்மா அடுப்பைக் காட்டினாள். அப்பா உப்பைக் கிள்ளிக் கஞ்சியில் போட்டார்.

"நாளைக்கு இன்னா வைப்ப?"

"வேற ஒண்ணும் இல்லீங்க. அந்தத் தொட்டியப் பொளந்தா பத்து நாளைக்கு ஆவும். புள்ள வெறைக்குது. கைகாலு ஜில்லுனு கெடக்குது, பாலு கூடச் சரியா இழுக்க மாட்டேங்குது. மழ வுட்டா வேற தொட்டி செஞ்சிக்கலாம்."

"எங்கப்பன் செஞ்சத எவன் திருப்பிச் செய்வான்?"

"உசுரு பெருசா தொட்டி பெருசாங்க?"

அப்பா கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். கோபமாகக் கூடப் பேசவில்லை. "அதுல மட்டும் கைய வைக்காத. நாளைக்கு ஷிப்ட் முடிஞ்சதும் எங்கியாவது போயி வெறகு கொண்டாரேன்" என்றார்.

மறுநாள் விடிகாலையில் அவர் சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனார். அன்று அடுப்பே எரியவில்லை. மத்தியானத்துக்குள் தம்பியின் உதடு வெளுத்துவிட்டது. அழுகையும் நின்றுபோய், பூனைக்குட்டி போல முனகிக்கொண்டு கிடந்தான். அம்மா அவனைப் பழந்துணியில் சுருட்டி என் மடியில் வைத்துவிட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு தொட்டியின் அருகே போனாள். தண்ணீரைக் கவிழ்த்தாள். ஒரு காதின் மேல் அரிவாளை வைத்தாள். வெகுநேரம் அப்படியே நின்றாள். பிறகு அரிவாளைக் கீழே போட்டாள்.

"வந்து பாத்தா அந்த மனுசன் ஒடஞ்சி பூடுவாரு" என்றாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "அஞ்சல, ரோட்டுல கரி கெடக்குமே, நாலு கட்டி பொறுக்கினு வர்றியா? யாரும் பாக்காம?" என்று கேட்டாள்.

கூடை நனைந்து கிழிந்திருந்ததால் மரக்காலை எடுத்துக்கொண்டு ஓடினேன். வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே சின்ன மரச்சாமான் அது. மழையில் காவல்காரரும் இல்லை, ஒருவரும் இல்லை. திருப்பத்தில் கட்டிகள் சேற்றில் கிடந்தன. மரக்கால் நிறைய அள்ளிப் பாவாடையால் மூடிக்கொண்டு வந்தேன். தம்பிக்காக ஒரு பெரிய காரியம் செய்துவிட்ட பெருமை எனக்கு. இவ்வளவு நாளும் மற்றப் பிள்ளைகள் செய்ததை நானும் செய்துவிட்டேன் என்ற பெருமையும் அதில் இருந்தது.

மதுரையக்கா வீட்டில் அந்தக் கரிதான் எரிக்கிறார்கள் என்பதால் எப்படிப் பற்றவைப்பது என்று அம்மா அவரைக் கேட்டாள். அவர் தன் வீட்டிலிருந்து உலர்ந்த கட்டிகள் கொஞ்சமும் ஒரு கரண்டி நெருப்பும் கொண்டுவந்து, உடைந்த சட்டி ஒன்றில் போட்டுத் தாழ்வாரத்து ஓரத்தில் வைத்து விசிறினார். "புகைய விடுற வரைக்கும் வெளியிலயே இருக்கட்டும்த்தா. புகை நின்னு கங்கா ஆனப்பெறகு உள்ள எடுத்து வச்சுக்கங்க, ஒண்ணும் செய்யாது" என்று சொல்லிவிட்டுப் போனார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எங்கள் ஒருவருக்கும் அதற்கு மேல் தெரியாது. நாங்கள் அவர் சொன்னபடியே செய்தோம். மஞ்சள் புகை அடங்கி, கங்கு சிவந்து, மேலே சாம்பல் பூத்த பிறகுதான் அம்மா சட்டியை உள்ளே கொண்டுவந்து, பிள்ளை கிடந்த பாயின் பக்கத்தில் வைத்தாள். நான் கொண்டுவந்த ஈரக் கட்டிகளை உலர்வதற்காகச் சுற்றி அடுக்கினாள். காயக் காய ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினாள்.

அறை சூடாயிற்று. எத்தனை நாளைக்குப் பிறகு வந்த சூடு! தம்பியின் கால் வெதுவெதுப்பானது. அம்மா அவனை அணைத்துக்கொண்டு படுத்து, பால் கொடுத்தாள். அவன் இழுத்துக் குடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. "குடிக்கிறான்டி" என்று அம்மா சொன்னாள். அந்தக் குரலில் இருந்த நிம்மதியை இன்றும் என்னால் கேட்க முடியும். அவள் கண்ணை மூடினாள். ஜன்னலில் கதவு ஒன்று சரியாகப் பொருந்தாமல் இடைவெளி இருந்தது. அதன் வழியே சாரல் வந்து தம்பியின் மேல் பட்டது. நான் எழுந்து போய், ஒரு சாக்கைச் சுருட்டி அந்த இடைவெளியில் இறுக்கமாக அடைத்தேன். வாசற்கதவையும் சாத்தினேன். பிறகு அவர்கள் காலடியில் படுத்துக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் தூங்கினேன் என்று தெரியாது. தலையை யாரோ கயிறு கட்டி இறுக்குவது போல வலித்து விழித்தேன். வாந்தி வந்தது. எழுந்து நிற்கக் கால் நிற்கவில்லை. பாயில் வாந்தி எடுத்தால் அம்மா திட்டுவாள் என்று மட்டும் தோன்றியது. தவழ்ந்து போய்க் கதவை இழுத்துத் திறந்து, தாழ்வாரத்தில் தலையை நீட்டினேன். மழை முகத்தில் அடித்தது. என்னை அப்படிப் பார்த்துவிட்டு மதுரையக்கா ஓடி வந்தார். உள்ளே போனவர் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. யாரோ ஜன்னல் சாக்கைப் பிடுங்கி எறிந்தார்கள். அம்மாவை வெளியே இழுத்துப் போட்டு முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். வெகுநேரம் கழித்து அவள் கண் திறந்தாள். முதலில் அந்தச் சாக்கைத்தான் பார்த்தாள். அதன் பிறகு என்னைப் பார்த்தாள்.

தம்பி எழுந்திருக்கவில்லை. முகம் செக்கச்செவேலென்று இருந்தது; மூடிய அறையில் கங்கு விடுகிற விஷக்காற்று அப்படிச் சிவக்க வைக்கும் என்பது பின்னால் தெரிந்துகொண்டது. அத்தனை நாள் வெளுத்துக் கிடந்த பிள்ளை, நல்ல ரத்தம் ஓடுகிற பிள்ளையைப் போலக் கிடந்தான். "தூங்குறான், தூங்குறான், எழுப்பாதீங்க" என்று அம்மா எல்லாரையும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இருட்டிய பிறகு அப்பா வந்தார். ஷிப்ட் முடிந்ததும் வடலூர் வரை நடந்து போயிருக்கிறார். தலையில் பெரிய விறகுக் கட்டு. போட்டிருந்த சாக்கையும் சட்டையையும் கழற்றி அந்தக் கட்டைச் சுற்றிக் கட்டியிருந்தார். அவர் உடம்பு முழுவதும் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தது. வாசலில் கூட்டத்தைப் பார்த்தார். வழி விட்டார்கள். சுமையை இறக்காமலே உள்ளே எட்டிப் பார்த்தார்.

"நனையாம கொண்டாந்தேன்" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. அதையே இரண்டு முறை சொன்னார். மதுரையக்காவின் கணவர்தான் அவர் தலையிலிருந்து கட்டை வாங்கிக் கீழே வைத்தார்.

அந்த விறகில் தண்ணீர் காய்ச்சினார்கள். தம்பியைக் குளிப்பாட்ட வேறு பாத்திரம் இல்லாததால் தொட்டியிலேயே குளிப்பாட்டினார்கள். அப்பாவே செய்தார். பிறகு துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, மண்வெட்டியும் லாந்தருமாக இரண்டு பேர் கூட வர, காலனிக்கு மேற்கே இருந்த புறம்போக்குக்குப் போனார். பெண்கள் போகக் கூடாது என்று எங்களை நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் மழை விட்டிருந்தது. காலையில் 'டொக் டொக்' என்று சத்தம் கேட்டு வெளியே வந்தேன். அப்பா தொட்டியை வாசலுக்கு இழுத்துப் போட்டுக் கோடாலியால் பிளந்துகொண்டிருந்தார். பலா சுலபத்தில் பிளக்கிற மரம் இல்லை. அதுவும் ஆண்டுக்கணக்கில் நீர் குடித்த மரம். கோடாலி அதில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. ஒவ்வொரு முறையும் காலால் மிதித்து இழுத்து மறுபடி ஓங்கினார். தெருக்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் போய் வந்த தொட்டி. ஒருவரும் வேண்டாம் என்று தடுக்கவில்லை. மத்தியானம் அப்பா அந்தச் சிராய்களை அடுப்பில் வைத்து, தானே அரிசி களைந்து உலை ஏற்றினார். மரம் எரியவில்லை. சீறியது, நுரை தள்ளியது, புகைந்தது. வடலூர் விறகை இடையில் செருகிச் செருகித்தான் ஒரு குண்டான் சோறு வெந்தது. முதல் நாள் அம்மா வெட்டியிருந்தாலும் அது எரிந்திருக்காது என்பது அந்த அடுப்பைப் பார்த்த எல்லாருக்கும் தெரிந்தது. அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். அதை அவர் ஒரு நாளும் தனக்குச் சமாதானமாகச் சொல்லிக்கொண்டதில்லை.

தட்டில் சோற்றைப் போட்டு அம்மாவின் முன்னால் வைத்தார்.

"இந்த அடுப்புல வெந்தது எனக்கு வாணாம்" என்றாள் அம்மா.

"ஒரு வாய் துண்ணு. ஒடம்பு தாங்காது."

"வாணாம்னா வுட்டுடுங்க."

அப்பாவும் சாப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டு அவர் தட்டை என் பக்கம் நகர்த்தினார். எனக்குப் பசித்தது. நான் சாப்பிட்டேன். புகை நாற்றம் அடித்த அந்தச் சோற்றை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டேன். 'நீ கதவத் தொறந்ததாலதான் ஒங்கம்மா பொழச்சா' என்று தெருவில் எல்லாரும் என்னைக் கட்டிக்கொண்டு சொன்னார்கள். ஜன்னலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த சில ஆண்டுகளில் அப்பா பர்மனென்ட் ஆனார். எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. குழாய் இருந்தது, லைட் இருந்தது, எவர்சில்வர் பாத்திரங்கள் வந்தன. அம்மாவும் அப்பாவும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை, சிரித்துப் பேசியும் பார்த்ததில்லை. வேறு பிள்ளை பிறக்கவில்லை. பிறகு சுரங்கம் விரிந்து எங்கள் பழைய காலனியையும் அதற்கு மேற்கே இருந்த புறம்போக்கையும் எடுத்துக்கொண்டது. காய்ச்சலிலும் லீவு போடாத அப்பா, அந்தப் பக்கம் மண் வெட்டிய வாரம் முழுக்க லீவு போட்டுவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். ஏன் என்று அம்மா கேட்கவில்லை. வேளாவேளைக்குச் சோறு போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அவர் போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆகிறது.

போன வருஷம் என் பேத்தி ஏதோ கண்காட்சியில் வாங்கினேன் என்று ஒரு மரக்கிண்ணம் கொண்டுவந்தாள். மரப்பாத்திரத்தில் சாப்பிட்டால் உடம்புக்கு நல்லதாம். தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்த அம்மா, மந்தாரக்குப்பத்தில் என் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, அதை வாங்கிப் புரட்டிப் பார்த்து, "வேம்பு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். பேத்தி போன பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"அஞ்சல, அன்னிக்கு அந்த ஜன்னல அடைக்கச் சொன்னது நான்தான்."

நான் போய்க் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சாரல் அடிக்குது, சாக்க வச்சி அடைடின்னு சொன்னேன். நீ சின்னப் பொண்ணு, சொன்னதச் செஞ்ச. ஞாபகம் இருக்குதா?"

அன்றைக்கு அம்மா அப்படிச் சொல்லவே இல்லை. அவள் கண் மூடியிருந்தது. அத்தனை வருஷமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே என் தலையை வாரிவிட்டு, என்னைக் கட்டிக்கொடுத்து, என் பிள்ளைகளைக் குளிப்பாட்டியிருக்கிறாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், பதிலுக்காக.

"இருக்குதும்மா" என்றேன்.

"அதான்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். இந்தத் தை மாதம் அம்மாவும் போய்விட்டாள்.

அந்தக் காலனி இருந்த இடத்தில் இப்போது நிற்பதற்குத் தரையே இல்லை; வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டிய வரை பள்ளம், அதன் அடியில் எறும்பு போல ஊர்கிற வண்டிகள். தம்பிக்குப் பெயரும் இல்லை, படமும் இல்லை. தொட்டியோ மரவையோ மரக்காலோ, எதுவும் மிஞ்சவில்லை. அந்த அறைக்குள் இருந்த மூன்று பேரில் நான் ஒருத்திதான் மிச்சம். அம்மாவின் மனசுக்காக அன்றைக்கு ஆமாம் என்றேன். இப்போது அவள் இல்லாததால் உள்ளதை எழுதுகிறேன்: அந்தச் சாக்கை வைத்தது நான். யாரும் சொல்லி வைக்கவில்லை. தம்பி நனைகிறானே என்று வைத்தேன்.